நண்டு வண்டிக்குப் பித்தளைக் குழாய்

மெக்கானிக் வேலை பார்க்கிற சகோதரர்களே, வண்டி பாதி உடைந்துதான் நம்மிடம் வரும், மீதியை நாம் கழற்றும்போது உடைப்போம். எது எந்தப் பாதி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒடிந்த மூக்கு

சேவியர் அண்ணன் மணப்பாட்டிலிருந்து தினமும் எங்கள் ஊர் நண்டு கம்பெனிக்கு வேனில் நண்டு ஏற்றி வருகிறவர். ஒருநாள் லோடை இறக்கிவிட்டு, துறைமுக ரோட்டிலுள்ள என் ஷெட்டுக்கு ஆவி பறக்க வந்து நின்றார். திறந்து பார்த்தால், ரேடியேட்டர் தண்ணீர் இரண்டு ஹோஸாகப் பிரிகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு. கட்டைவிரல் நீளம்தான். மூக்கு ஒடிந்து கிடந்தது. வேன் கம்பெனியின் ஒரிஜினல் சாமான் வர ஒரு வாரம் ஆகுமாம்.

நண்டு கம்பெனியிலோ, இன்னொரு தடவை மதியம் பன்னிரண்டு தாண்டினால் லோடு வேறு வண்டிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு இருக்கிற ஒரே பிழைப்பு அது. ஒடிந்த துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஏலே, இவ்வளவு பெரிய இஞ்சின இரும்புல செஞ்சவன், இத மட்டும் ஏம்ல பொம்ம செய்யுத சாமான்ல செஞ்சான்?"

எத்தனை பாத்ரூம்?

துண்டை வாங்கிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். கடைக்கார அண்ணாச்சிக்கு வீடு கட்டுவதைத் தவிர உலகத்தில் வேறு வேலை நடப்பதே தெரியாது. துண்டைக் காட்டியதும், டேங்க் மொட்டைமாடியிலா, எத்தனை பாத்ரூம் என்று கேட்டார். பாத்ரூம் இல்லை அண்ணாச்சி, வேன் என்றேன். குழாய்களை இணைக்கிற, ‘T’ எழுத்து மாதிரி மூன்று வாயுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் டீ ஒன்றை எடுத்து வைத்தார்.

"வேனுக்குள்ள பாத்ரூம் கட்டுதவன இப்பதான் பாக்கேன்."

கொழுக்கட்டை

அதைப் பூட்டி அனுப்பினேன்; அண்ணன் ஊர் திரும்புகிற வழியில் ஆத்தூர் வரைக்கும் தாங்கியது. பச்சைத் தண்ணீர் போகிற பைப்பில் கொதிக்கிற தண்ணீரை விட்ட என் புத்தியை என்ன சொல்ல! காலி வண்டி என்பதால் நண்டு தப்பியது, நான் தப்பவில்லை. நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது, அண்ணன் டீயை நோண்டி எடுத்து ரோட்டோரக் கல்லில் வைத்திருந்தார். மூன்று வாயும் ஆளுக்கொரு பக்கம் கோணிக்கிடந்தன.

"பிள்ளையார் சதுர்த்திக்கு உங்க வீட்டுல இப்படித்தான் கொழுக்கட்ட பிடிப்பாவளோ?"

பித்தளை

திரும்பவும் அண்ணாச்சி கடை. இந்தத் தடவை பித்தளை டீ, அதில் முறுக்கி ஹோஸை மாட்ட மூன்று நிப்பிள், ஒழுகாமல் சுற்ற டெஃப்லான் டேப், கிளிப்புகள். பூட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மறுநாள் முதல் லோடு நேரத்துக்குப் போனது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கோ, குழாய்க்கடைச் சாமான் இஞ்சினில் எப்படி நிற்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. வண்டி வந்தபோதெல்லாம் திறந்து திறந்து பார்த்தேன்.

"ஓடுத வண்டிய ஏம்ல முறைச்சுப் பாக்க? கண்ணு வச்சிராத."

ஒரிஜினல்

ஒருவழியாகக் கம்பெனி சாமான் வந்தது. அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்காமல் அதையே பூட்டிவிட்டேன். கழற்றிய பித்தளையை அவர் வாங்கி, வண்டியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பதினொன்றரைக்கு நண்டு கம்பெனியிலிருந்து எனக்குப் போன், வண்டி உங்க ஷெட்டில் நிற்கிறதா என்று. அண்ணன் போனை எடுக்கவில்லை. சும்மா ஓடிய வண்டியில் கைவைத்து அந்த மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே! கம்பெனி வாசலுக்கே போய் நின்றேன். பன்னிரண்டுக்குக் கேட்டைச் சாத்தப் போகிற நேரத்தில் வண்டி உள்ளே நுழைந்தது. நண்டை இறக்கிக்கொண்டார்கள்.

இறங்கி வந்த அண்ணனின் விரல்கள் சூடுபட்டுச் சிவந்திருந்தன. புதுச் சாமானை என் கையில் வைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. "எங்கண்ணே ஒடஞ்சிருக்கு?" என்றேன்.

"ஒடையலலே. எப்ப ஒடையுமோ எப்ப ஒடையுமோன்னு ரோட்டப் பாக்கவே முடியல, அதான் ஓரங்கட்டிப் பித்தளையையே மாட்டிட்டு வாரேன்."

உடைந்ததைச் சரிசெய்ய ஹார்டுவேர் கடை இருக்கிறது சகோதரர்களே, உடையாததை எங்கே கொண்டுபோய்ச் சரிசெய்வது என்று யாராவது சொன்னால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.