ரேடியேட்டரில் ஊற்றிய பால்

சூடான கூலண்டின் வாசனையில் காய்ச்சிய சர்க்கரைப்பாகும் துருவேறிய இரும்பும் கலந்திருக்கும். சென்ற மாதம் ஈப்போவின் சிலிபினில், மெக்கானிக் செல்வத்தின் பட்டறையில், அந்த வாசனையின் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருந்தேன். நிமிர்ந்து அமர்வது என் பழக்கம். முதுகுவலி வந்த பிறகும் அதை விட மனமில்லை. சூடேறி நின்றுபோன என் காருக்குச் செல்வம் புது ரேடியேட்டர் பொருத்தி, அதில் ஊற்றும் பச்சைத் திரவமான கூலண்டையும் மாற்றியிருந்தார். எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால் இயந்திரம் சுற்றியது, பிடிக்கவில்லை.

“ஐயா, சூட்டு ஊசி மேல ஏறுனப்புறம் எத்தன கட்ட ஓட்டுனீங்க?”

நாங்கள் மைலைக் கட்டை என்றே சொல்லிப் பழகியவர்கள்.

“உடனே நிறுத்திட்டேன்,” என்றேன்.

“அப்டின்னா ஹெட் கேஸ்கெட் போயிருக்காதுலா. வேற எங்கயோதான் கோளாறு.”

உண்மை வேறு. தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு திருமணத்துக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னிருக்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர். வண்டியை ஒழுங்காகப் பேணுபவனுக்கு வழியில் நிற்கும் நிலை வராது என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த வேளையில்தான் ஊசி சிவப்பைத் தொட்டது. அந்தப் பேச்சுக்குப் பிறகு எப்படி நிறுத்துவது, நீங்களே சொல்லுங்கள். வீட்டு வாசல் வரை ஏழு கட்டை ஓட்டினேன்.

செல்வம் பேட்டரியைச் சோதித்தார். பெட்ரோல் பம்பைச் சோதித்தார். வயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்துச் செருகினார். என் பொய்யை நம்பி இன்னொருவர் இடுப்பொடிய உழைப்பதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பது எனக்குப் புதிதன்று.

கல்லூரிப் படிப்பு முடிந்த கையோடு, செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாகச் சேர்ந்தேன். கிராணி என்றால் அலுவலக எழுத்தர். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு அடுத்தபடியாகச் சட்டையில் மடிப்புக் கலையாதவர். தோட்டத்து வேனின் டிரைவர் மணியம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு நாள் துரையின் கடிதங்களோடு இருவரும் ஈப்போவுக்குப் புறப்பட்டோம். தோட்ட எல்லையைத் தாண்டுவதற்குள் ரேடியேட்டரில் நீர் சொட்டத் தொடங்கிற்று. திரும்பிப் போய் ஓட்டையைப் பற்றவைத்துக்கொண்டு வரலாம் என்றார் மணியம். எனக்கோ அவசரம். பக்கத்து ரப்பர் மர நிரையில் பால் வாளி ஒன்று நிரம்பி நின்றது. ரப்பர்ப் பால் சூட்டில் உறையும். உறைந்தால் ஓட்டை அடைபடும். எவ்வளவு எளிய தீர்வு!

“வேணாம் கிராணி. பாலு என்ன ஓட்டைய மட்டும் பாத்தா அடைக்கும்? எல்லாக் கொழாயையும் அடைச்சிரும்.”

“நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சவன்.”

“நான் படிக்கலதான். வேனு எனக்குத் தெரியும்லா.”

இரண்டு குவளை பாலை என் கையாலேயே ஊற்றினேன். சொட்டு நின்றது. மணியத்தை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வை இரண்டு கட்டைக்குத்தான் தாங்கியது.

பொங்கி நின்ற வேனை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். ஒழுகல் அடைத்து, நீர் மாற்றியும் அது கிளம்பவில்லை. ஒரு வாரம் எதையெதையோ கழற்றிப் பார்த்த பிறகு, குழாய்களுக்குள்ளிருந்து ரப்பரை நாடா நாடாவாக உருவினார்கள். துரை எங்கள் இருவரையும் அழைத்து, பால் ஊற்றியது யார் என்று கேட்டார். நான் கையிலிருந்த கோப்பினை மிகுந்த கவனத்தோடு படித்தேன். மணியம் என்னைப் பார்த்தார்.

“நாந்தான் தொரை.”

வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“டிரைவர் வேல போனா எனக்கு மரம் சீவத் தெரியும் கிராணி. ஒங்களுக்கு என்னா தெரியும்? கெமிஸ்ட்ரியா?” என்று சிரித்தார்.

மறுநாள் விடியற்காலை, பெயர் கூப்பிடும் பெரட்டில், பால்மரம் சீவுவோர் வரிசையில் அவர் பெயரை வாசித்தவனும் நானே. “இருக்கேன்” என்று குரல் கொடுத்தார். நான் தலை நிமிரவில்லை. அதன்பின் அவர் அந்த வேனை ஓட்டவே இல்லை.

பட்டறையில் செல்வம் ஸ்டார்ட்டரைக் கழற்றித் தரையில் வைத்தார்.

“செல்வம்,” என்றேன். “ஏழு கட்டை ஓட்டினேன்.”

“என்னாங்கய்யா! மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. இங்க பாருங்க, பாதி வண்டியக் கழட்டிட்டேன்!”

ஸ்பார்க் பிளக்கைப் பிடுங்கி என் முன் நீட்டினார். முனை பச்சையாக நனைந்து, இனிப்பாக நாறியது. கேஸ்கெட்தான்; அது வெந்துபோய், கூலண்ட் இயந்திரத்துக்குள் கசிந்திருந்தது. பட்டறையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார் கைக்கு வந்ததும் செமோர்ப் பக்கம் சென்றேன். பெரட்டு நடந்த திடலில் இப்போது கடைவரிசை. மரங்கள் நின்ற மேட்டில் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள். மூலையிலிருந்த உணவகத்துக்காரரிடம் டிரைவர் மணியத்தைப் பற்றி விசாரித்தேன்.

“எந்த மணியம் ஐயா? இங்க தோட்டம் இருந்துச்சா?”

இருந்தது என்றேன். ஒரு வேனும் இருந்தது என்றேன். அதில் பால் ஊற்றியது நான்தான் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, டீக்குச் சீனி குறைக்கவா என்று கேட்டார்.

குடித்துவிட்டு எழுந்தேன். கார் சாவியின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.