மதகில்லாத தண்ணீர்

எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி பஸ் ஏறி, கிழக்கே பாதி நாள் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், வேர்க்கடலை மூட்டை அடுக்கும் கொட்டகையில், ஒரு பாய்மரப் படகு கிடந்தது. கொண்டுவந்து போட்டவர் என் வீட்டுக்காரர்.

அவர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். புதுச்சேரிக்கு வேலையாகப் போன இடத்தில் யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய உடைந்த படகைக் கேட்டு வாங்கி, மினி லாரியில் ஏற்றி வந்துவிட்டார். "இன்னா, ஏரி ரொம்புனா ஏறிக்கலாம்னா?" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் ஓட்டை அடைத்தார், பாய் தைத்தார், ஞாயிறுகளில் கடலூர் போய் மீன்பிடிக்கிறவர்களிடம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். எங்கள் ஆடு குட்டி போட்டதும் அந்தப் படகில்தான். இடமில்லாமல் வெளியே கிடந்த மூட்டைகள் மழையில் நனைந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

நெடுஞ்சாலையில் ஓட்டல் நடத்தும் ஒருவர் படகைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டல் வாசலில் நிறுத்தி, மண் கொட்டி, குரோட்டன்ஸ் செடி வைக்கப் போகிறாராம். "குடுத்துடுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒரே ஒரு ராத்திரி எங்கூட கடல்ல வந்து தங்கு. அப்பறமும் வேணாம்னா நீயே அந்தாளுக்கு போன்ல சொல்லிடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

சரி என்றேன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

மாசி மாதம், நெல் அறுத்துக் களம் காலியான பிறகு, ஒரு சனிக்கிழமை விடிவதற்கு வெகுமுன்பே புறப்பட்டோம். சனிக்கிழமை கிழக்கே சூலம். அந்தத் திசையில் போனால் காரியம் கெடும். போயே தீர வேண்டுமென்றால் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்றைக்கு இரண்டு கரண்டி தயிரை மறுபேச்சில்லாமல் விழுங்கினார். படகு கையை விட்டுப் போய்விடுமோ என்று அவ்வளவு பயம். ஞாயிறு மேற்கே சூலம், திரும்பி வர வேண்டுமே என்று நான் பையில் ஒரு வெல்ல உருண்டையும் போட்டுக்கொண்டேன்.

கடலூருக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மினி லாரி எங்களையும் படகையும் இறக்கிவிட்டது. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டைக்கு மறுநாள் அதே லாரி வரும். அதுவரை கரை கண்ணில் படுகிற தூரத்தில் தெற்கே போவதுதான் திட்டம். காலையில் ஒழுங்காகத்தான் போனோம். மதியம் காற்று எதிரே திரும்பியது. எதிர்க்காற்றில் பாய்மரம் நேராகப் போகாதாம். கொஞ்ச தூரம் கடலைப் பார்த்துச் சாய்வாக, கொஞ்ச தூரம் கரையைப் பார்த்துச் சாய்வாக, மாறி மாறித்தான் முன்னேற வேண்டுமாம்.

"இப்ப எந்தத் தெசைக்குங்க போறோம்?"

"தெக்கால."

"மூக்கு கெழக்கால பாத்துக்கினு கீதே?"

"கெழக்கால போய்க்கினேதான் தெக்கால போறோம்."

"ஒரு தெசையா சொல்லுங்க. சூலத்துக்கு நான் இன்னாத்த துன்றது?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். சிரிக்கிற நிலைமையில் இல்லை.

சாயங்காலம் முகத்துவாரத்துக்குள் நுழைந்தோம். அலையில்லை. ஒரு சேற்றுத் திட்டின் ஓரமாகப் படகை நிறுத்தி, திட்டில் முளைக்குச்சி அடித்து, மாட்டை மேய விடுவது போலக் கயிற்றைத் தாராளமாக விட்டுக் கட்டினோம். களத்தில் நெல் மூடுகிற தார்ப்பாயைக் குறுக்குக் கம்பின் மேல் போட்டதும் கூடாரமாகிவிட்டது. சின்ன ஸ்டவ்வில் உப்புமா கிண்டித் தின்றோம். படகு லேசாக ஆடியது. பயந்துகொண்டே படுத்தவள் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

விடிந்தபோது படகு ஆடவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தார்ப்பாயை விலக்கினால் தண்ணீரைக் காணோம். சுற்றிலும் சேறு, அதில் நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏங்க, எழுந்திருங்க! எவனோ மதகத் தொறந்துட்டான்!" என்று கத்தினேன்.

"எவன்டா அவன்?" என்று அவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து மதகைத் தேடினார். நிஜமாகவே தேடினார். யாராவது இருட்டில் மதகைத் திறந்து தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வது எங்கள் பக்கம் நடக்காததல்ல. ஏரிப் பாசனத்தில் வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் காணாமல் போக வேறு காரணம் தோன்றவில்லை. பிறகுதான் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓதம்! ராத்திரி கடல் ஏறி, படகத் தூக்கி திட்டு மேல வச்சிட்டு எறங்கிடுச்சு. கயித்த ஜாஸ்தி வுட்டுட்டேன். கடலூர்காரங்க படிச்சிப் படிச்சி சொன்னாங்க."

அப்படியே விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். குரோட்டன்ஸ் செடிகள் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒத்திகை பார்த்த வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. தள்ளிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் சேறு. நடவு நட்ட காலுக்கு அதெல்லாம் புதுசில்லை. இரண்டு பேரும் தம் கட்டித் தள்ளியும் படகு நகரவில்லை. அவர் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். தலையிலிருந்து கால் வரை சேற்றோடு அவர் எழுந்து நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாங்க பண்றது இப்ப?"

"ஒண்ணும் பண்ண வேணாம். மறுபடியும் தண்ணி வரும்."

"யாரு வுடணும்?"

"யாரும் வுட வேணாம். தானா வரும்."

நான் நம்பவில்லை. தண்ணீர் தானாக வந்து நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு அது முறை வைத்துத்தான் வரும். அதற்குள் மடையில் காவல், மேல்வயல்காரனோடு சண்டை, கரண்ட் வந்தால் மோட்டாரைப் பார்க்க ஓட்டம். போன தண்ணீர் போனதுதான். வெல்லத்தை ஆளுக்குப் பாதியாகக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் உச்சிக்கு ஏறியது.

அப்புறம் வந்தது. முதலில் நூல் மாதிரி சேற்றுக் கோடுகளில் புகுந்தது. பாத்தி பாத்தியாகப் பாய்வது போல ஒவ்வொரு பள்ளமாக நிரம்பியது. மண்வெட்டியோடு திருப்பிவிட ஆளில்லை. யாரையும் கெஞ்சவில்லை, யாரோடும் மல்லுக்கட்டவில்லை. படகைச் சுற்றி வந்து அடியில் நுழைந்தது. சாய்ந்து கிடந்த படகு மெல்ல நிமிர்ந்து, எனக்குக் கீழே அசைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

"இன்னா, ஒடம்பு முடியலியா?" என்று அவர் பயந்தார்.

"சுக்கான என் கையில குடுங்க" என்றேன். பரங்கிப்பேட்டைக் கரை வரை நான்தான் ஓட்டினேன். இரண்டு முறை திட்டில் இடித்தேன். இரண்டு முறையும் அவர் இறங்கித் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டல்காரர் போன் செய்தார். என் வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டு, கொட்டகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"படகுக்கு நாளைக்கு வண்டி அனுப்பட்டுமாம்மா?"

"நாளைக்கு அது இங்க இருக்காதுங்க."

"வேற யாருக்குனா குடுத்துட்டீங்களா?"

"இல்லீங்க. நாங்க கடலுக்குப் போறோம்."

போனை வைத்தேன். அவர் திரும்பாமல் அப்படியே நின்றார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் சனிக்கிழமை, கிழக்கே சூலம். நான் பாலுக்கு உறை ஊற்றப் போனேன்.