சீட்டு எண் பதினேழு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் பெஞ்சில், என் மகள் சரோஜாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஆறு வயது. என் கையில் பதினேழாம் எண் சீட்டு. உள்ளே டாக்டர் ஒன்பதாம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. திண்டிவனத்தில் வேறோர் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக அட்மிஷன் கிளார்க்காக இருந்தவன். சீட்டு கொடுக்கும் சன்னலுக்கு உள்பக்கம் மட்டுமே எனக்குப் பழக்கம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முறையைச் சொல்லிவிடுகிறேன். வந்தவரிடம் பெயர், வயது, ஊர் கேட்டு ஓ.பி. என்னும் வெளிநோயாளிச் சீட்டு கொடுக்க வேண்டும். எண்படி டாக்டர் பார்ப்பார். படுக்க வைக்க வேண்டியவர் என்றால் சீட்டின் மூலையில் 'அட்மிட்' என்று எழுதுவார். சீட்டு திரும்ப நம் சன்னலுக்கு வரும். தகப்பன் அல்லது புருஷன் பெயர், உடம்பில் இரண்டு மச்ச அடையாளம், கூடத் தங்குகிறவர் யார் என்பதையெல்லாம் ரிஜிஸ்தரில் பதிந்து, பெட் டிக்கெட் போட்டு வார்டுக்கு அனுப்புவோம். உயிர் போகிற கேஸ் என்றால் இவையெல்லாம் பிறகு. நேரே டாக்டரிடம் கொண்டுபோகலாம். அந்த விதியும் இருக்கிறது. ஆனால் சன்னலுக்கு வருகிற எல்லோருமே தங்கள் கேஸ்தான் உயிர் போகிற கேஸ் என்பார்கள். வண்டி கட்டிக்கொண்டு வந்து கூச்சல் போட்டவர்களை நான் அதட்டி வரிசைக்கு அனுப்பியிருக்கிறேன். வீட்டில் வந்து அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அந்த வாரம் லீவு போட்டுக்கொண்டு விழுப்புரத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். சரோஜாவுக்கு இரண்டு நாளாகத் தொண்டை வலி. கஷாயம் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலையில் கழுத்து வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து, எல்லோரையும் போலச் சீட்டு வாங்கி உட்கார்ந்தோம்.

சிறிது நேரம் கழித்து என் மனைவி என் பக்கம் குனிந்து, "ஏங்க, மூச்சு ஒரு மாதிரி இழுக்குதுங்க. உள்ள போயி ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றாள்.

"எல்லாரும்தான் உக்காந்துகினு இருக்காங்க. நானே வரிசையைத் தாண்டினா, நாளைக்கு என் சன்னல்ல எவன் நிப்பான்? இரு."

அவள் குழந்தையின் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். பதினோரு வருஷமாக என் பேச்சைக் கேட்டுப் பழகியவள்.

எங்களுக்கு அடுத்த எண்ணுக்குரியவள் கண்டமங்கலத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு கூலிக்காரப் பெண். மண்வெட்டி பட்டுப் பாதம் பிளந்த புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து சரோஜாவின் சட்டைக் கழுத்தை விலக்கினாள்.

"தொண்டக்குழி உள்ள போயி உள்ள போயி வருது பாரு சாமி. சீட்டப் பாத்துக்கினு குந்திக்கினு இருக்கியே, புள்ளையப் பாத்தியா நீ?"

கூப்பிடுவார்கள், போய் உட்காரம்மா என்றேன். அவள் என் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கதவருகே பியூன் கையை நீட்டி மறித்துத் திட்டினான்.

"நவுருய்யா. திட்டுறத அப்பறமா திட்டு."

தோளால் அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னால் ஓடினேன். அப்போதும் சீட்டைக் கையில் பிடித்திருந்தேன்.

டாக்டர் கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தார். தொண்டை முழுவதும் சாம்பல் நிறத்தில் தோல் படிந்திருந்தது. தொண்டை அடைப்பான், டிப்தீரியா. உதடு நீலம் பூத்திருந்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரமாக வெளியே இருக்கிறீர்கள் என்று கேட்டார். முக்கால் மணி என்றேன். என்னை உற்றுப் பார்த்தார். முன்பு சில மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தவர்.

"நீங்க திண்டிவனத்துல அட்மிஷன் பாக்குறவர்தானே?"

அவ்வளவுதான் கேட்டார். கை கழுவப் போய்விட்டார்.

கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும், சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பேனாவை வாங்கினேன். இரண்டு முறை காகிதம்தான் கிழிந்தது. கம்பவுண்டர் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். கட்டைவிரலை வைத்தேன்.

சரோஜாவின் பெயர் ரிஜிஸ்தரில் ஏறியது மத்தியானம்தான். அதற்குள் குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு வார்டில் படுத்திருந்தாள். புதுச்சேரிக்கு ஆள் அனுப்பி விஷமுறிவுச் சீரம் கொண்டுவந்து ஊசி போட்டார்கள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். கால் மணி தாமதமாகியிருந்தால் குழாய்க்கு வேலை இருந்திருக்காது என்று டாக்டர் என் மனைவியிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணைத் தேடி நான் வெளியே வந்தபோது, புருஷனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு போய்விட்டிருந்தாள். ஊர்ப் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவளுக்கு நான் ஒரு கும்பிடுகூடப் போடவில்லை.

நான்கு வருஷமாகிறது. சரோஜாவின் குரல் இன்னும் கரகரப்புத்தான். அவள் இருமினால் எழுந்துபோய் அவள் கழுத்தைப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வரச் சற்று நேரமானாலும் இருப்புக் கொள்வதில்லை.

திண்டிவனத்தில் எங்கள் சன்னல் திறப்பது எட்டு மணிக்கு. அதற்கு முன்பே நான் வெளியே வந்து வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடக்கிறேன். பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. போர்த்தியிருக்கும் துணியை விலக்கி, மூக்கு விடைக்கிறதா, தொண்டைக்குழி உள்வாங்குகிறதா, உதடு என்ன நிறம் என்று பார்க்கிறேன். சந்தேகம் என்றால் நானே தூக்கிக்கொண்டு உள்ளே போகிறேன். வரிசையில் நிற்பவர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும். சத்தம் போடுகிறவனுக்குக் கத்த மூச்சாவது இருக்கிறது. சத்தமில்லாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என் மகளின் தொண்டைக்குழி. உங்களுக்கு இந்தக் குறிப்பே போதுமாக இருக்கட்டும்.