ஸ்டூலுக்கு ஒரு சத்தியம்

சுலோச்சனா கேட்டது ஒரு ஸ்டூல். மாங்கூழ் ஃபேக்டரியில், பழம் பிரிக்கிற பெல்ட்டின் ஓரத்தில் போட்டு உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பதினோரு சீசன் நின்றே வேலை செய்தவள் பன்னிரண்டாவது சீசனில் இதைக் கேட்டாள். அதற்கு அவளைக் காணிப்பாக்கத்துக்குப் போய்ப் பிள்ளையார் மேல் சத்தியம் செய்யச் சொன்னார்கள்.

அவளுக்கு ஊர் கங்காதர நெல்லூர் பக்கம். கணவன் தேவேந்திரன் அங்கிருந்து சித்தூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஜூன் பிறந்து தோத்தாபுரி மாங்காய் லாரி லாரியாக இறங்கத் தொடங்கினால், இரண்டு மாதம் அவளுக்கு ஃபேக்டரிதான். க்ரேட் தூக்க வேண்டும், பழம் கழுவ வேண்டும், பெல்ட்டில் ஓடுகிறவற்றில் அழுகலைப் பொறுக்கி எறிய வேண்டும். ஆம்பளை தூக்குகிற க்ரேட்டை ஒற்றை ஆளாக இடுப்பில் ஏற்றிவிடுவாள் என்று அவளுக்குப் பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிறகு அதையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கினார்கள்.

கொரோனா இரண்டாம் முறை வந்து ஊரை வாரிக்கொண்டு போன வருஷம், ஜூன் இரண்டாம் வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அரசு ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, இருக்கிறது என்றார்கள். பெண்களைச் சேர்த்து ஃபேக்டரிக்கு அனுப்புகிற மேஸ்திரி ஹேமநாத்துக்கு அவள் போன் செய்தாள்.

"அண்ணா, எனக்கு பாசிட்டிவ்னு வந்துகீது."

"யார்கிட்டயும் வாயத் தொறக்காத. தெரிஞ்சா ஃபேக்டரிக்கு சீல் வெச்சுடுவாங்க. மாத்திர துன்னுட்டு ஒரு வாரம் படு. எட்டாவது நாளு லைன்ல இருக்கணும். இல்லாங்காட்டி உன் எடத்துல வேற ஆளப் போட்டுடுவேன். அப்பால எம்மேல கோச்சிக்கக் கூடாது."

எட்டாவது நாள் போனாள். மாலையானால் இன்னும் உடம்பு சுட்டது. பெல்ட்டில் அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிறவள் மல்லிகா. முதல் சீசனிலிருந்து இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துத் தின்பவர்கள்.

"இன்னாமே, இப்படி மூச்சு வாங்கிகினு கீற?"

"ஜலதோஷம்மே."

அந்த ஒரு சொல் பொய். சொல்லும்போது அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பிப் போன மூன்றாவது வாரம், க்ரேட் இடுப்பில் இருக்கும்போதே நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிவது போலிருந்தது. தரையில் சரிந்தாள். ஊரில் பார்த்த டாக்டர் கேஸ் டிரபிள் என்றார். மறுபடி போனபோதும் கேஸ். மூன்றாம் முறை, "பயப்படாதம்மா, உன் வயசுக்கு ஹார்ட்லாம் வராது" என்று சிரித்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறாள் என்ற நிலையில் தேவேந்திரன் அவளைத் திருப்பதிக்குக் கொண்டுபோனான். அங்கே ஒரு பெண் டாக்டர் ஸ்கேன் வைத்துப் பார்த்துவிட்டு, "குண்டெ வாச்சிந்தம்மா" என்றார். இதயம் வீங்கியிருக்கிறது. கிருமி இதயத்தின் சதையைப் புண்ணாக்கியிருக்கிறது. அந்த நேரத்தில் அதற்கு ஓய்வு கொடுக்காமல் வேலை வாங்கியிருக்கிறாள்.

"காய்ச்சலோடு பாரம் தூக்கினியா?"

தலையை ஆட்டினாள்.

டாக்டர் பேனாவை மேஜையில் போட்டார். "யார் தூக்கச் சொன்னது?"

சுலோச்சனா பத்து மாதம் மாத்திரை விழுங்கிக்கொண்டு வீட்டில் கிடந்தபோது அந்தக் கேள்விதான் அவளுக்குத் துணையாக இருந்தது. ஆறுதலான துணை இல்லை அது.

அடுத்த மே மாதம் டாக்டர் தாள் எழுதிக் கொடுத்தார். முக்கால்வாசி தேறியிருக்கிறது, வேலைக்குப் போகலாம், உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும், பாரம் கூடவே கூடாது. சீசனுக்குப் பெயர் எழுதுகிற அன்று அவள் அந்தத் தாளை ஹேமநாத்திடம் நீட்டினாள். அவன் அதைப் பிரிக்கவே இல்லை. அவளைத்தான் மேலும் கீழும் பார்த்தான்.

"கல்லு மாதிரி கீற. நல்லா சதையும் போட்டுகீற. நோவு எங்க கீது, காட்டு."

பெண்கள் சிரித்தார்கள். "எனக்கும் முட்டி நோவுது மேஸ்திரி, எனக்கொரு ஸ்டூலு" என்றாள் ஒருத்தி. "எனக்குக் கட்டிலே போட்டுடு, படுத்துகினே பொறுக்கறேன்" என்றாள் இன்னொருத்தி.

கை முறிந்தவனுக்குக் கட்டு இருக்கிறது. உள்ளே வீங்கிய இதயத்துக்கு வெளியே அடையாளம் எதுவும் இல்லை. நோவு உள்ளவள் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். நம்புவது நமக்கு எப்போதும் சிரமமான வேலை. அவள் பாரம் தூக்குவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இன்னும் சிரமம்.

மல்லிகாதான் பேச்சை முடித்துவைக்கப் பார்த்தாள். போன ஜூலையில் கொரோனாவில் அம்மாவைப் பறிகொடுத்தவள் அவள். அதற்குப் பிறகு அதிகம் பேசுவதில்லை. "காணிப்பாக்கத்துல ஒரு முழுக்கு போட்டு, நோவு நெஜம்னு சொல்லிடுமே. அதுக்கப்புறம் எவளும் உன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டா." தோழிக்கு உதவுவதாக நினைத்துத்தான் சொன்னாள். அங்கே குளத்தில் முழுகிப் பொய் சொல்ல அந்தப் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

"அதான் நாயம்," என்றான் ஹேமநாத். "ஞாயித்துக்கெழம. நானும் வரேன்."

வீட்டில் தேவேந்திரன் கொதித்தான். "ஸ்கேன் எடுத்த தாளு பொய்யி, தண்ணில முழுகினா நெஜமா? ஸ்டூலு நானே வாங்கித் தரேன், எடுத்துகினு போ."

"ஸ்டூலு நம்ம வூட்லயும் கீது. அதுல என்ன உக்கார வுடற ஆளுதான் இல்ல."

அவள் சத்தியத்துக்கு அஞ்சவில்லை. நோவு உண்மை. ஆனால் காய்ச்சலோடு வரவைத்தவன் கரையில் கைகட்டி நின்று, அவள் சொல்வது நிஜமா பொய்யா என்று பார்க்கப் போகிறான் என்பதை நினைத்தபோது சோறு இறங்கவில்லை. அவன் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், தானும் தெரிந்தே மல்லிகாவின் பக்கத்தில் நின்றதைச் சொல்ல வேண்டும். இரண்டையும் பிரிக்க வழி இல்லை. மூன்று நாள் பிரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவேந்திரனின் ஆட்டோவில் மல்லிகாவும் இன்னும் ஆறு பெண்களும் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். ஹேமநாத் பைக்கில் வந்தான். குளத்துப் படியில் சுலோச்சனா இரண்டு படிக்கு ஒரு முறை நின்று மூச்சு விட்டாள்.

"நல்லா ஆக்ட் பண்றா," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது கேட்டது.

"சீக்கிரம் முழுகிட்டு சொல்லும்மா. எனக்கு வேற வேல கீது," என்றான் ஹேமநாத்.

முழுகினாள். ஈரப் புடவையோடு கோயில் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"எனக்கு நெஞ்சு வீங்கினது நெஜம். பாரம் தூக்கினா செத்துடுவேன்றதும் நெஜம்."

"சரி, வா மேல," என்றான் அவன்.

"இரு. இன்னும் முடிக்கல. போன வருஷம் ஜூன்ல எனக்கு கொரோனா வந்துச்சு. தெரிஞ்சே எட்டாவது நாளு லைனுக்கு வந்தேன். வரச் சொன்னது மேஸ்திரி. அவருக்கும் தெரியும். இதுவும் சத்தியம்." திரும்பினாள். "அண்ணா, நீ எறங்கி, தெரியாதுன்னு சொல்லு."

ஹேமநாத் பெண்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "இன்னா பேச்சு இது. நானா சத்தியம் பண்ண வந்தேன்? இவ பண்றதப் பாக்க வந்தேன்."

"தண்ணி இங்கதான் கீது," என்றாள் மல்லிகா. குரல் உயரவே இல்லை.

அவன் போனை எடுத்து, யாரும் கூப்பிடாத போனில் "வரேன் சார்" என்று சொல்லிக்கொண்டே படியேறிப் போனான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

மல்லிகா கீழே இறங்கி வந்தாள். "ஜலதோஷம்னு சொன்ன."

"ஆமா."

"எங்கம்மா..." என்று தொடங்கினாள். மேற்கொண்டு வரவில்லை.

அந்த மாதம் சித்தூர் முழுக்க நோய்தான், யாரிடமிருந்து யாருக்கு என்று கடவுளே சொல்ல முடியாது என்று ஆட்டோ ஓட்டிக்கொண்டே தேவேந்திரன் சமாதானம் பேசினான். நியாயமான வாதம்தான். "வாய மூடிகினு ஓட்டு" என்றாள் சுலோச்சனா. மல்லிகா அந்த ஆட்டோவில் ஏறவில்லை.

ஜூன் பிறந்தது. ஹேமநாத் அந்த சீசனிலும் மேஸ்திரியாகவே இருந்தான். அவனை மாற்ற வேண்டும் என்று ஃபேக்டரியில் யாருக்கும் தோன்றவில்லை. சுலோச்சனாவின் பெயரை மட்டும் அவனால் அடிக்க முடியவில்லை. அடித்தால் குளத்துப் பேச்சு ஆபீஸ் வரைக்கும் போகும்.

முதல் லோடு இறங்கிய காலை, மல்லிகா வாட்ச்மேன் அறையிலிருந்து ஒரு நீல ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெல்ட் ஓரத்தில், சுலோச்சனா நிற்கிற இடத்தில், சத்தம் வரும்படி வைத்தாள்.

"உக்காரு."

சொல்லிவிட்டுப் பெல்ட்டின் மறு கோடிக்குப் போய் நின்றுகொண்டாள். சுலோச்சனா உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அதை நிரப்ப யாரும் வரவில்லை. அழுகல் பழம் ஒன்று உருண்டு வந்தது. எடுத்து வாளியில் எறிந்தாள். தேவைக்கு மேல் வேகமாக எறிந்ததில் அது வாளியின் விளிம்பில் பட்டுச் சிதறியது.