மொட்டை மரவள்ளியும் கிராணியின் கண்டுபிடிப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கினார்கள். மலாயாவில் குளுவாங் பக்கம்... அதற்கு மேல் அடையாளம் கேட்காதீர்கள்.

ஜப்பான்காரர்கள் வந்து அரிசி வரத்து குறைந்த பிறகு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் வீட்டுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்திருக்கிறார்கள். பால்வெட்டு பாதி நின்றுவிட்டது. ரப்பர் பாலின் கெட்டியை அளக்கப் பயிற்சி பெற்ற நானும் இப்போது மரவள்ளி வரிசைகளைத்தான் எண்ணுகிறேன்.

நாலு மாதத்துக்கு முன் ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கு ஒரு ஞானம் பிறந்தது. செடியின் சத்தை இலைகள் தின்றுவிடுகின்றனவாம்! மாதம் ஒருமுறை எல்லா இலையையும் உருவினால் சத்து முழுவதும் கிழங்குக்கு இறங்குமாம். உருவிய இலையைச் சாக்கில் கட்டி ஆபீசில் காட்ட வேண்டும். காட்டாத வீட்டுக்கு ரேஷன் அரிசி கிடையாது.

நான் நோட்டோடு அவரிடம் போனேன். ஒன்று: இலைதான் செடியின் அடுப்படி. இரண்டு: காற்றிலுள்ள கரிவாயுவையும் வேர் தரும் தண்ணீரையும் வெயிலைக் கொண்டு இலை உணவாக்குகிறது, மிச்சம்தான் கிழங்கு. மூன்று: நீங்கள் டவுனுக்குப் போகும் லாரி பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிறதே, அந்தக் கரியும் ஒருகாலத்தில் காற்றில் இருந்ததுதான். மரம் பிடித்து விறகாக்கியது. லாரி அதைப் புகையாக்கித் திருப்பி அனுப்புகிறது. நம் மூச்சும் அங்கேதான் போகிறது. இலையை உருவிவிட்டால் மறுபடி யார் பிடிப்பது?

கிராணி கொட்டாவி விட்டார். லாரிப் புகையில் கிழங்கு காய்க்கிறதாம் என்று கங்காணியிடம் சொன்னார். கங்காணி சிரித்தார் — அதுவும் அவர் வேலையில் சேர்த்திதானே?

வாசலில் பாக்கியம் நின்றிருந்தார் (பெயரை மாற்றியிருக்கிறேன்). பால்வெட்டுக்காரர். வடக்கே சயாம் ரயில் பாதை வேலைக்குப் போன கணவரிடமிருந்து தகவல் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கும் அந்தத் துண்டு நிலம்தான் சோறு.

"ஐயா, வருசா வருசம் ரப்பர் மரம் எல கொட்டுது. அப்ப பால் கொறஞ்சு போவுது. கெழங்கு மட்டும் எப்படிங்க கூடும்?"

என் மூன்று பாயிண்டும் ஒரே மூச்சில்! இருபது வருஷமாகப் பால் கணக்கு எழுதும் மனிதர் இதைக் கவனித்ததே இல்லை.

"வாய் நீளுது. நாளைக்குச் சாக்கு வரணும்" என்றார் கிராணி.

சாக்கு வந்தது. கிராணி எப்போதும் கொட்டகையில் உட்கார்ந்து பால் வாளியை அளப்பவர். மரத்தடிக்குப் போகிறவர் அல்ல. மரவள்ளியையும் அப்படியே அளந்தார். கிராணி வீட்டுப் பின்புறம் அவர் ஆள் வைத்து உருவிக் கொட்டியிருந்த இலையைத்தான் பாக்கியம் அள்ளி வந்திருந்தார். அதே சாக்கு ஆபீஸ் பின்வாசல் வழியாகப் போய், லயத்து ஏழு வீட்டுச் சாக்காக முன்வாசலில் திரும்பத் திரும்ப வந்தது. கரியின் சுழற்சி புரியாதவருக்குச் சாக்கின் சுழற்சி புரியுமா? மாதாமாதம் 'சரி' போட்டார்.

ஞாயிறன்று கிராணியின் நிலத்தில் கிடைத்தவை விரல் தடிமன். பாக்கியத்துக்கு முழங்கை தடிமன்.

கிராணி அன்றுதான் முதல்முறையாகச் சேற்றில் இறங்கினார். பாக்கியத்தின் குவியலில் இருப்பதிலேயே பெரிய கிழங்கைத் தூக்கிப் பிடித்தார்.

"பாத்தீங்களா? எலைய உருவினா இப்படித்தான்."

அப்படியானால் அவருடையது? மண் சரியில்லையாம். டவுனுக்கு வெற்றி அறிக்கையும் அனுப்பிவிட்டார்.

பாக்கியம் கிராணியின் கையிலிருந்த கிழங்கை வாங்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டார்.

காற்றிலிருந்து கிழங்கு செய்ய இலைக்கு வெயிலாவது வேண்டும். காற்றிலிருந்து வெற்றி செய்யக் கிராணிக்கு அதுகூட வேண்டாம்.