காலி நாற்காலிக்கு ஆட்டிய தலை

என் நாத்தனாருக்குத் தெருவில் 'கைதட்டி' என்று பெயர். அவள் பிழைப்பே அதுதான். வேலை பார்த்த தையல் கம்பெனியை இழுத்து மூடிய பிறகு, டிவி நிகழ்ச்சிகளில் கூட்டத்தோடு கூட்டமாக உட்காரப் போனாள். வெள்ளைத் துணி கூடாது, கட்டம் போட்டது கூடாது. ஒருவன் பலகையைத் தூக்கினால் கைதட்ட வேண்டும், இன்னொரு பலகைக்குச் சிரிக்க வேண்டும். வீட்டில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் அவள். ஆனால் லட்சணமான முகம், கேமராக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. எப்போதும் மூன்றாவது வரிசையில் நடு இடம்.

எனக்கும் அவளைப் பிடிக்கும். அந்த மாதம் மட்டும் அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். இருபது வருஷச் சர்க்கரை. ஒரு பொடிக்காரன் டிவியில் வந்து, ஊசியைத் தூக்கிப் போடுங்கள், என் பொடி போதும் என்றான். இவர் அவனை நம்பவில்லை, தங்கையைத்தான் நம்பினார். அவன் பேசப் பேச இவள் முகம் திரை நிறைய வந்து மெதுவாகத் தலையாட்டியது. கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

"என் தங்கச்சியே தலையாட்டுறா. அவ எனக்குக் கெட்டது நினைப்பாளா?" என்றார்.

நான் கரடியாகக் கத்தினேன். டாக்டரும் சொல்லிப் பார்த்தார். கால் சுண்டுவிரல் கறுத்தபோதுகூட, "விஷம் இறங்குதுடி, பொடி வேலை செய்யுது" என்றார் இந்த மேதாவி. தலையில் அடித்துக்கொண்டு நாத்தனாரை வரவழைத்தேன்.

விரலைப் பார்த்ததும் அவளுக்கு முகமே செத்துவிட்டது.

"அண்ணா, நான் அந்த ஆளைப் பாத்துத் தலையாட்டல. அவன் வந்ததே மத்தியானம். காலையிலேயே எங்களை உக்கார வெச்சு, தலையாட்டு, கண்ணைத் தொடைன்னு தனியா எடுத்துடுவாங்க. எதிர்ல காலி நாற்காலிதான் இருந்துச்சு. அப்புறம் வெட்டி ஒட்டிக்குவாங்க."

"உங்க அண்ணி சொல்லிக் குடுத்தாளா? நான் கண்ணால பாத்தேன்மா."

கூடப்பிறந்தவள் எதிரில் நின்று சொல்கிறாள். அவளை விட டிவியில் வந்த அவளுக்குத்தான் மதிப்பு!

அடுத்த வாரம் பொடிக்காரன் மறுபடி வந்தான். நாத்தனார் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தாள். இரண்டு கையையும் தூக்கி, "பொய் சொல்லாத! எங்கண்ணன் விரல் கறுத்துப்போச்சு! யாரும் ஊசியை நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள். அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். வேலையும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அந்த நிகழ்ச்சி வந்தது. அவளும் எங்களோடு உட்கார்ந்து பார்த்தாள். பொடிக்காரன் பேசி முடித்தான். திரையில் அவள் எழுந்தாள், கைகளைத் தூக்கினாள், வாய் அசைந்தது. குரல் மட்டும் இல்லை. அயோக்கியப் பயல்கள், அதை உருவி எறிந்துவிட்டுக் கைதட்டல் சத்தத்தை ஒட்டியிருந்தார்கள்.

"பாத்தியா, எழுந்தே நின்னுட்டா!" என்றார் இவர், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

அவள் அதே நிகழ்ச்சியைப் போனில் தேடி எடுத்தாள், சத்தத்தை அடைத்தாள், அண்ணன் மூக்குக்கு நேரே பிடித்தாள். திரையில் வாய் அசையத் தொடங்கியதும் கூடவே சொன்னாள். "பொய் சொல்லாத. எங்கண்ணன் விரல் கறுத்துப்போச்சு. யாரும் ஊசியை நிறுத்தாதீங்க."

வார்த்தைக்கு வார்த்தை உதடு பொருந்தியது. அவர் போனைப் பார்த்தார், தங்கையின் வாயைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி போடு."

மூன்று தடவை போட்டாள். மூன்றாவது தடவை அவர் உதடும் அசைந்தது. என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"அந்த ஊசிய எங்க வெச்ச?"

"ஃபிரிட்ஜ்லதான் இருக்கு. நான் எடுக்கவே இல்ல."

அன்றைக்கே போட்டுக்கொண்டார். விரலைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள்.

அந்த நிகழ்ச்சி இன்னும் வருகிறது. ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் என் நாத்தனார்தான் எழுந்து நிற்கிறாள், கையைத் தூக்கிக்கொண்டு. கைதட்டல் கேட்கிறது. எந்த வீட்டில் எவன் பெண்டாட்டி இப்போது கரடியாகக் கத்திக்கொண்டிருக்கிறாளோ!