மரத்த காலுடன் பாபநாசம் வரை

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஐந்தரை மணிக்கு, பாளையங்கோட்டை வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பையைச் சரிபார்ப்பார்கள். நான் முதலில் பாதத்தைப் பார்த்தாக வேண்டும். முள் தைத்தாலும் தோல் கிழிந்தாலும் எனக்குத் தெரியாது. பாதத்துக்குப் பதிலாக யாரோ பஞ்சுப் பொதியைக் கட்டிவிட்டது போலத்தான் எப்போதும் இருக்கும். சில சாயங்காலங்களில் அந்தப் பஞ்சுக்குள் நெருப்பு வைத்ததுபோல எரியும்.

இருபத்திரண்டு வருடம் குடித்தேன். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், அந்த வேலையையும் பாதியில் விட்டேன். குடியை நிறுத்திப் பதினாறு மாதம் ஆகிறது. மது கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். குடிக்காமல், மாத்திரையையும் சாப்பாட்டையும் ஒழுங்காக எடுத்துக்கொண்டால் இதற்கு மேல் ஏறாமல் நிற்கலாம். கொஞ்சம் உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தவனுக்கு அந்தக் கடைசி வார்த்தை செரிக்கப் பல நாள் ஆனது.

என் மகள் எஸ்தரை விக்கிரமசிங்கபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் அவள் கல்யாணத்தன்று சர்ச் வாசலிலேயே போதையில் தள்ளாடி விழுந்தேன். அவளைக் கைபிடித்து உள்ளே அழைத்துப்போனது அவள் தாய்மாமன். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு என் மனைவி மட்டும் போய்வருவாள். சென்ற வாரம் எஸ்தர் போன் செய்து, "இந்தத் தடவை அப்பா மட்டும் வரட்டும். தனியா வரட்டும்" என்றாள். அவள் குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். நான் இன்னும் பார்த்திருக்கவில்லை.

கிளம்பும்போது மனைவி கைத்தடியை நீட்டினாள். மகள் வீட்டுக்கு முதன்முதலாகத் தடியோடு போவதா என்று வேண்டாமென்றேன். அது என் வறட்டு கௌரவம்.

காலை 6.40. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம். பாபநாசம் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விக்கிரமசிங்கபுரத்துக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்துநான்கு ரூபாய். பேருந்து உறுமிக்கொண்டு புறப்பட்டது. எதிர் சீட்டின் கம்பி நடுங்குவதைக் கண்ணால் பார்க்கிறேன். தரை நடுங்குவது எனக்குத் தெரியவில்லை. என் உடம்பில் அந்த நடுக்கம் முழங்காலுக்குச் சற்றுக் கீழேதான் தொடங்குகிறது. அதனால் எந்த வண்டியில் ஏறினாலும் தரையைத் தொடாமல் மிதந்துபோகிற மாதிரியே இருக்கும். முதலில் பயமாக இருந்தது. இப்போது சில நேரம் அது பிடித்தும் இருக்கிறது.

சேரன்மகாதேவியை நெருங்கும்போது வெயில் ஏறவில்லை. வயல்களில் பிசானப் பருவத்து நெல் முற்றித் தலைசாய்ந்திருந்தது. அதன் மேல் வெள்ளைப் புகையாகப் பனி. வாழைத் தோட்டங்களுக்கு இடையில் தாமிரபரணி ஆறு ஒருமுறை தெரிந்து மறைந்தது, பிறகு வேறொரு பக்கத்தில் தெரிந்தது. தூரத்தில் பொதிகை மலை நிறமே இல்லாமல் நின்றது. கண்ணை மூடித் திறக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் நெருங்கியிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியில் ஒரு கூடை வெற்றிலை வைத்திருந்தார். "எங்கன போறீய?" என்று கேட்டார்.

"விக்கிரமசிங்கபுரம். பேத்தியைப் பாக்கப் போறேன்."

"வெறுங்கையோடயா?"

பையிலிருந்த சின்ன உல்லன் தொப்பியை எடுத்துக் காட்டினேன். என் மனைவி பின்னியது. அவர் அதை விரல்களில் மாட்டிப் பார்த்து, "மாசி வெயில்ல இதப் போட்டா பிள்ளை அழுது தீத்துரும். ஆனாலும் குடுங்க, நல்லாருக்கு" என்று சிரித்தார்.

இந்தச் சாலையை ஒரு காலத்தில் நான் மதுக்கடைகளை வைத்தே அறிந்திருந்தேன். கல்லிடைக்குறிச்சி தாண்டினால் ஒன்று, அம்பாசமுத்திரத்தில் எந்தத் தெருவில் எது என்று. இன்று எல்லாம் அடைத்துக் கிடந்தன, திறக்க நேரமாகவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் கடக்கும்போது நாக்கின் அடியில் நீர் ஊறியது. ஒளிக்க ஒன்றுமில்லை. அம்பாசமுத்திரத்தில் பேருந்து நின்ற ஐந்து நிமிடத்தில் ஜன்னல் வழியாகவே ஒரு டீ வாங்கிக் குடித்தேன். பன்னிரண்டு ரூபாய்.

காலை 8.25. விக்கிரமசிங்கபுரம். நூல் ஆலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாகச் சாலை முழுக்க சைக்கிள்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். படியில் இறங்கும்போது நான் பாதத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அந்த நேரம் ஒரு சைக்கிள் மணி அடித்தது, தலையைத் திருப்பிவிட்டேன். கால் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. இரண்டு எட்டு பக்கவாட்டில் தள்ளாடி, மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன்.

எதிர்ப்பக்கம் சைக்கிளோடு என் சம்பந்தி பொன்னையா அண்ணாச்சி நின்றிருந்தார். எஸ்தரின் மாமனார். வெளியூர் விசைத்தறிக் கூடத்தில் முப்பது வருடம் தறி ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவர். என்னை அழைத்துப்போக வந்தவர் நான் இறங்கியதை முழுக்கப் பார்த்துவிட்டார். அவர் முகம் அப்படியே இறுகியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார்.

"காலையிலயேவா சாரு?" என்றார் சத்தமாக.

"இல்ல அண்ணாச்சி."

"உங்க மக விடிஞ்சதுல இருந்து வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துக்கிட்டு கெடக்கா. உங்கள இப்படிப் பாத்தா அவ தாங்க மாட்டா. அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிருங்க. சாருக்கு உடம்புக்கு முடியலையாம்னு நான் சொல்லிக்கிடுதேன்."

டீக்கடையில் நின்ற நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அவருக்கு மிக அருகில் போய், "ஊதிக் காட்டுதேன், பாருங்க" என்றேன். வாயைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே ஊதினேன். ஐம்பத்தைந்து வயதில், நடுச்சாலையில். அவர் மூக்கை விலக்கவில்லை.

"டீ வாசம்தான் வருது" என்றார், குழம்பிப்போய். "அப்ப ஏன் ஆடுதீய?"

"காலு மரத்துப்போச்சு அண்ணாச்சி. குடிச்சதுல நரம்பு கெட்டுப்போச்சு. நான் குடிய விட்டுட்டேன், இது என்னைய விடல."

அவர் காதைத் திருப்பி, "இன்னொருக்க சொல்லுங்க" என்றார். சத்தமாகச் சொன்னேன். டீக்கடையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். பொன்னையா அண்ணாச்சி குனிந்து என் கால்களைப் பார்த்தார்.

"தறிச் சத்தத்துல எனக்கு ரெண்டு காதும் போச்சு" என்றார் பிறகு. "யாராவது கூப்பிட்டா எனக்குக் கேக்காது. திரும்ப மாட்டேன். பொன்னையாவுக்குத் திமிருன்னு தெருவுல பேரு." சைக்கிளின் பின்பக்கத்தை என் பக்கம் தள்ளினார். "கேரியரப் பிடிச்சுக்கிடுங்க. பையப் பைய நடப்போம்."

முக்கால் கிலோமீட்டர் நடந்தோம். அவர் முன்னால் ஹேண்டிலைப் பிடித்திருக்க, நான் பின்னால் கேரியரைப் பிடித்திருந்தேன். கை சொன்னதைக் கேட்டுக் கால் நடந்தது.

காலை 9.00. எஸ்தர் வாசலில் நின்றாள். அவள் வாய் திறக்குமுன் அண்ணாச்சி, தெருவே கேட்கும்படி, "நான் சோதிச்சுப் பாத்துட்டேன் தாயி! ஒண்ணுமில்ல, காலுதான் சரியில்ல!" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உள்ள வாங்கப்பா" என்றாள்.

குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "உக்காந்த பிறகு குடு. நின்னுக்கிட்டு வாங்க மாட்டேன்" என்றேன். தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் வாங்கினேன். பால் வாசனையும் பவுடர் வாசனையும் கலந்த அந்தச் சின்ன கனம் மடியில் வந்து அமர்ந்தது. தொடையில் எனக்கு உணர்ச்சி உண்டு. அவள் உதைத்த ஒவ்வொரு உதையும் தெரிந்தது.

பகல் 11.30. பாபநாசம். ஆற்றில் குளித்தே ஆக வேண்டும் என்று அண்ணாச்சி ஆட்டோ பிடித்தார். நான்கு கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய். படித்துறையில் செருப்பைக் கழற்றப்போன என்னை அவர் நிறுத்தினார். குனிந்து படியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "சுடுது. தண்ணி வரைக்கும் செருப்போட வாங்க" என்றார். வேறு யாரும் இதுவரை எனக்காகக் கல்லைத் தொட்டுப் பார்த்ததில்லை.

கடைசிப் படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டோம். இங்கே மீன்களுக்கு எல்லோரும் பொரி போடுவார்கள். அதனால் அவை பயமில்லாமல் கூட்டமாக வந்து என் விரல்களை மொய்த்தன. பக்கத்தில் ஒரு குடும்பம் கூச்சத்தில் கத்திக்கொண்டிருந்தது. நான் என் பாதத்தை மீன்கள் கொத்துவதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு மீன் கணுக்காலைத் தாண்டி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறி வந்து கொத்தியது. "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் கத்தியதே இல்லை.

இடுப்பளவு நீரில் இறங்கினேன். அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்திருந்தார். கண்ணை மூடினால் நான் நேராக நிற்கிறேனா சாய்கிறேனா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் முகம் கழுவும்போதுகூடச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். அன்று மூடினேன், முங்கினேன். ஆறு என்னைச் சாய்த்துக்கொண்டுபோய் எங்கோ வைத்தது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. பச்சை இருட்டில் குளிர்ந்த நீர் மட்டும் காதருகே முணுமுணுத்துப் போனது. நிற்க வேண்டியதே இல்லாத இடம் அது. அங்கே என் கால்களைப் பற்றி யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. அங்கேயே இருந்துவிடலாம் என்று ஒரு மூச்சு நேரம் தோன்றியது. முழங்கையை ஒரு கை பலமாக இழுத்தது. மேலே வந்து இருமினேன்.

"எம்புட்டு நேரம் வே!" என்று கத்தினார் அண்ணாச்சி. பயத்தில் 'சாரு' என்பதை விட்டுவிட்டு, கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல 'வே' என்று சொல்லிவிட்டார். பிறகு கடைசிவரை அப்படியே கூப்பிட்டார்.

மாலை 3.45. திரும்பவும் விக்கிரமசிங்கபுரம். கிளம்பும் நேரம் எஸ்தர் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "காலக் காட்டுங்க" என்றாள். பெருவிரலில் விரலை வைத்து, "தெரியுதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"இங்கன?"

"இல்ல."

கணுக்காலைத் தாண்டி, அங்குலம் அங்குலமாக அவள் விரல் மேலே வந்தது. "இப்ப தெரியுது" என்றேன். மறு காலிலும் அதேபோல் பார்த்தாள். எழுந்துபோய் ஒரு பேனாவை எடுத்துவந்து, உணர்ச்சி தொடங்குகிற இடத்தில் இரண்டு கால்களிலும் ஒரு கோடு போட்டாள்.

"அடுத்த மாசம் வரும்போது கீழ இறங்கியிருக்கான்னு பாப்போம்."

"இறங்காமலும் போகலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு எஸ்தர்."

அவள் பேனாவை மூடினாள். என்னைப் பார்க்காமல், "இறங்கலன்னா திரும்பக் குடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

மூன்று வருடமாக அவள் கேட்க நினைத்தது அதுதான் போல. யோசித்துத்தான் பதில் சொன்னேன். "இன்னைக்குக் குடிக்கல. நாளைக்கும் குடிக்காம இருக்கத்தான் பாப்பேன். காலு திரும்புனாலும் திரும்பாட்டாலும்."

சத்தியம் எதுவும் செய்யவில்லை. செய்த சத்தியங்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். "சரி" என்றாள். குனிந்து என் செருப்பின் வாரை மாட்டிவிட்டாள்.

மாலை 4.20 பேருந்தில் திரும்பினேன். மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. அம்பாசமுத்திரத்தில் கடைகள் திறந்திருந்தன, வெளியே கூட்டம் நின்றது. நாக்கின் அடியில் மறுபடியும் நீர் ஊறியது. பார்த்துக்கொண்டே கடந்தேன்.

பாபநாசத்தில் தாமிரபரணி இரைந்துகொண்டு இறங்குகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் வரும்போது அது அகலமாகி, ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் போகிறது. பாலத்தில் நின்று பார்த்தால் அசைவே இருக்காது. ஆனால் கடல் வரைக்கும் போகிறது.

அடுத்த மாதம் போனேன், கைத்தடியோடு. எஸ்தர் தொட்டுப் பார்த்தாள். உணர்ச்சி அதே இடத்தில்தான் தொடங்கியது. அங்கேயே புதிதாகக் கோடு போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.